தமிழ்நாட்டு மெடிக்கல்ல ஐ-பில் கேட்டா ஏன் "இல்ல"ங்கிறாங்க, இல்லன்னா அடுத்து என்ன பண்ணலாம்

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். நீங்க வார்டனா இருக்க லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுக்காக ஐ-பில், அதாவது உடலுறவுக்கு அப்புறம் கர்ப்பம் ஆகாம தடுக்குற அவசர மாத்திரை, கேட்டு மெடிக்கல் மெடிக்கலா ஏறி இறங்கியும் "அதெல்லாம் தமிழ்நாட்டுல தடை மேடம்"னு அனுப்பிட்டாங்க, அது உண்மையா? ரெண்டாவது, ஹாஸ்டல் பொண்ணுங்கள உக்கார வச்சு இதைப்பத்தி பேசணும்னா என்ன பேசுறது? நான் பார்மசிஸ்ட், மெடிக்கல் ஷாப் கவுண்டர்லயும் நின்னுருக்கேன், ஆஸ்பத்திரி பார்மசிலயும் வேலை பார்த்துருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு சொல்றேன், கொஞ்சம் நீளமா தான் வரும்.

முதல்ல அந்தப் பொண்ணு விஷயம். பாதுகாப்பு இல்லாத உடலுறவு நடந்து இன்னும் 5 நாள் ஆகலன்னா இன்னும் நேரம் இருக்கு. மாத்திரை கிடைக்கலன்னு அழுதுட்டு உக்காராம பக்கத்துல இருக்க கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி குடும்ப நலப் பிரிவுக்கோ இல்ல ஒரு லேடி டாக்டர்கிட்டயோ போய் "எமர்ஜென்சிக்கு காப்பர் டி போடணும்"னு கேக்கச் சொல்லுங்க (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன கருத்தடை சாதனம்). 5 நாளுக்குள்ள காப்பர் டி போட்டா 99 சதவீதத்துக்கும் மேல கர்ப்பம் தங்காது, மாத்திரைய விட இது தான் பலமான வழி, ஆனா நம்ம ஊர்ல இதை எமர்ஜென்சிக்கு போடலாம்னு தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. குழந்தை பெத்தவங்களுக்கு மட்டும் தான் காப்பர் டின்னு ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு, குழந்தை பெறாதவங்களுக்கும் போடலாம். போட்டது போட்டதா 380ஏ மாடல்னா 10 வருஷம் வரைக்கும் அப்படியே விட்டுடலாம், வேணாம்னா எப்ப வேணா எடுத்துக்கலாம்.

இப்ப தடை கேள்விக்கு வர்றேன். தடை இல்ல. இந்தியா முழுக்க லெவோநார்ஜெஸ்ட்ரெல் (ஐ-பில்ல இருக்க மருந்து) அவசர கருத்தடை மாத்திரைக்கு 2005லயே டாக்டர் சீட்டு தேவையில்லன்னு ஆக்கிட்டாங்க, தமிழ்நாட்டுக்குன்னு தனி சட்டம் எதுவும் கிடையாது, மத்திய அரசோட குடும்ப நலத் திட்டத்துல இதே மாத்திரை "ஈஸி பில்"ங்கிற பேர்ல இருக்கு. அப்புறம் ஏன் கடையில இல்ல? இதுக்கு ஒரே ஒரு காரணம்னு சொல்ல முடியாது, நாலஞ்சு சேர்ந்து ஒரு பழக்கமாவே ஆகிடுச்சு.

2007ல சிப்லாங்கிற மருந்து கம்பெனி ஐ-பில்ல கொண்டுவந்தப்போ டிவியில விளம்பரம் போட்டாங்க, அது பெரிய சர்ச்சை ஆச்சு. நம்ம நாட்டுல 1954லருந்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களுக்கு எதிரா ஒரு சட்டம் இருக்கு, அதுல கருக்கலைப்பு, கருத்தடை ரெண்டுக்குமான மருந்து விளம்பரத்தையும் ஒரே பிரிவுல போட்டு வச்சுருக்காங்க. அதை வச்சு இங்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை கெடுபிடி பண்ணுச்சு, கலாச்சாரம் கெட்டுப்போகும்னு ஒரு பக்கம் சத்தம், கம்பெனிக்காரங்களுக்கு எதுக்கு வம்புன்னு ஆகி சரக்கு வர்றது மெல்ல நின்னுபோச்சு. பிரச்சனை விளம்பரத்துல தான் ஆரம்பிச்சது, ஆனா அடி மாத்திரைக்கு விழுந்துச்சு. அதுக்கப்புறம் அதிகாரிகள யார் கேட்டாலும் "நாங்க தடை பண்ணலயே"ம்பாங்க, கடைக்காரர கேட்டா "மேல இருந்து விக்கக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க"ம்பாரு, அந்த உத்தரவ காட்டுங்கன்னா காட்ட ஒண்ணும் இருக்காது. எழுதி வச்ச தடைன்னா கோர்ட்டுக்குப் போய் உடைக்கலாம், இதை எங்க போய் உடைக்கிறது?

கடைக்காரங்களையும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். அவங்க பயம் என்னன்னா டிரக் இன்ஸ்பெக்டர். கருக்கலைப்பு மாத்திரைன்னா, அதாவது மிஃபெப்ரிஸ்டோன் மிசோப்ராஸ்டால் கிட், அது டாக்டர் சீட்டு இல்லாம வித்தா குத்தம், ரெக்கார்ட் வைக்கணும், கணக்கு காட்டணும், லைசென்ஸுக்கே ஆபத்து. இந்த ரெண்டு மாத்திரையும் வேற வேறன்னு கவுண்டர்ல நிக்கிற பையனுக்கு தெரியாது, பல ஊர்ல ஓனருக்கே தெளிவு இல்ல. பேரும் குழப்புற மாதிரி தான் இருக்கு, ஒரே கம்பெனியோட அன்வான்டட் 72ன்னா அவசர கருத்தடை, அன்வான்டட் 21ன்னா தினமும் போடுற கருத்தடை மாத்திரை, அன்வான்டட் கிட்டுன்னா கருக்கலைப்பு. மூணும் ஒரே ரேக்ல இருந்தா யாருக்கு தான் குழம்பாது, அதனால மூணையுமே வைக்காம விட்டுட்டா நிம்மதின்னு இருக்காங்க. ஒரு அட்டை வித்தா கிடைக்கிற லாபம் சொற்பம், அதுக்கு எதுக்கு ரிஸ்க்குங்கிற கணக்கு தான்.

இன்னொண்ணு கவுண்டர்ல நடக்குற கூத்து. ஒரு பொண்ணு வருவா, கடையில ரெண்டு ஆம்பளைங்க சுகர் மாத்திரை வாங்க நின்னா ஓரமா ஒதுங்கி தொண்டை வலி மாத்திரை இருக்கான்னு எதையாவது கேட்டுட்டு நிப்பா, கூட்டம் போனதும் போன் ஸ்கிரீன்ல பேரை டைப் பண்ணி காட்டுவா, கடைப்பையன் அதை வாங்கி பார்த்துட்டு உள்ள பார்த்து "அண்ணே, ஐ-பில் இருக்கா"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவான். அவ அதோட போய்டுவா. கழுத்துல தாலி இருக்கான்னு பாக்குறது, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா"ன்னு கேக்குறது, "வீட்டுக்காரர வரச்சொல்லு"ங்கிறது, இது எதுக்கும் எந்த சட்டத்துலயும் இடம் இல்ல. நீங்க வார்டனா போய் கேட்டதுக்கே அப்படி பதில்னா அந்தப் பொண்ணு தனியா போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கோங்க.

சரி, வேணும்னா எங்க கேக்கலாம். தெருமுனை கடைய விட பெரிய தனியார் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ள இருக்க பார்மசி பரவால்ல, அங்க மகப்பேறு டாக்டர் சீட்டோட போனா கிடைக்க வாய்ப்பு அதிகம் (சட்டப்படி சீட்டு வேணாம், ஆனா கையில இருந்தா வாக்குவாதம் மிச்சம்). கவர்ன்மென்ட் பக்கம்னா பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்), ஜி.எச் குடும்ப நலப் பிரிவுல "ஈஸி பில் இருக்கா"ன்னு பேர் சொல்லி கேளுங்க. வட மாநிலங்கள்ல இதை ஆஷாங்கிற ஊர் சுகாதாரப் பணியாளர் அக்காமார் வீட்டுக்கே கொண்டுபோய் குடுக்குறாங்க, நம்ம ஊர்ல ஆஷா சில மலைப்பகுதி, பழங்குடி ஊர்கள்ல தான், மத்த இடத்துல கிராம சுகாதார செவிலியர், அதான் வி.எச்.என் அக்கா, அவங்ககிட்ட கேக்கணும். ஸ்டாக் எல்லா இடத்துலயும் எப்பவும் இருக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன், ஆனா கேக்குறவங்களே இல்லன்னா சரக்கு வேணும்னு இண்டென்ட்டும் போட மாட்டாங்க. ஆன்லைன் ஆப்ல தமிழ்நாட்டு பின்கோடு போட்டா சிலது காட்டும் சிலது காட்டாது, வந்தாலும் மூணாவது நாள் வந்தா என்ன பிரயோஜனம். பெங்களூரு போறவங்க வாங்கிட்டு வந்து வச்சுக்குறது தான் ரொம்ப நாளா இங்க நடக்குறது.

அதனால நான் பொண்ணுங்ககிட்ட சொல்றது, தேவைப்படுறதுக்கு முன்னாடியே ஒரு அட்டை வாங்கி பேக்ல வச்சுக்கோங்கன்னு தான். கையில இருந்தா தைரியம் வந்து காண்டம் இல்லாம இருப்பாங்கன்னு பெரியவங்க பயப்படுறாங்க, அதை பல நாட்டுல ஆராய்ஞ்சு பார்த்துட்டாங்க, முன்கூட்டியே குடுத்ததால பால்வினை நோய் கூடல, வழக்கமான கருத்தடைய யாரும் விட்டுடல, தேவைப்பட்டப்போ சீக்கிரமா போட்டாங்க அவ்வளவு தான். நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லணும், அந்த ஆராய்ச்சிகள்லயே மொத்தமா கர்ப்பம் ஆகுற எண்ணிக்கை குறைஞ்சதா காட்ட முடியல. எமர்ஜென்சி மாத்திரை ஒரு தனி பொண்ணுக்கு உதவும், ஆனா தினசரி கருத்தடைக்கு அது மாற்று கிடையாது.

தினசரி மாத்திரை மாலா-என் பி.எச்.சில இலவசமா குடுப்பாங்க. அவசர மாத்திரை எங்கயுமே கிடைக்காம, காப்பர் டியும் போட முடியாத நிலைமைன்னா இதை வச்சே ஒரு பழைய முறை இருக்கு, 1970கள்ல கனடா டாக்டர் யூஸ்பே கொண்டுவந்தது. அட்டையில இருக்க வெள்ளை மாத்திரை மட்டும் (பழுப்பு கலர்ல இருக்கது இரும்புச்சத்து, அது எதுக்கும் உதவாது) 72 மணி நேரத்துக்குள்ள 4, அப்புறம் 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 4. லெவோநார்ஜெஸ்ட்ரெல் அளவுக்கு பலன் இல்ல, குமட்டலும் வாந்தியும் நல்லாவே இருக்கும், இருந்தாலும் ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல். இதுல ஈஸ்ட்ரோஜென் இருக்கு, அதனால ரத்தக்கட்டு, ஸ்ட்ரோக், மோசமான ஒத்தைத் தலைவலின்னு ஏதாவது வந்தவங்க டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க.

மாத்திரை உள்ள என்ன பண்ணுதுன்னு பொண்ணுங்களுக்கு கட்டாயம் சொல்லுங்க, பாதி பயம் இதுலயே போய்டும். விந்தணு உடம்புக்குள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், கருமுட்டை வெளிய வந்தா ஒரு நாள் தான் தாங்கும். மாத்திரையில இருக்க ஹார்மோன் கருமுட்டை வெளிய வர்றத தள்ளிப்போடுது, அதுக்குள்ள விந்தணு செத்துடும், சந்திப்பே நடக்காது. ஏற்கனவே முட்டை வெளிய வந்துருந்தா மாத்திரையால ஒண்ணும் பண்ண முடியாது, கரு தங்கி இருந்தா அதைக் கலைக்கவும் செய்யாது, குழந்தைக்கு ஊனமும் வராது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022 டிசம்பர்ல மாத்திரை கூட வர்ற துண்டுச்சீட்டையே மாத்தி இதை தெளிவா எழுத வச்சது. "கலைக்கிற மாத்திரை"ன்னு கடைக்காரர் சொன்னா அவர் வேற மாத்திரைய நினைச்சு பேசுறாருன்னு அர்த்தம்.

இதனால தான் நேரம் முக்கியம். 72ன்னு அட்டையில போட்டுருக்கதால மூணு நாள் டைம் இருக்குன்னு நினைச்சு திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு விடுறாங்க பாருங்க, அது தான் ஆபத்து. அன்னிக்கு ராத்திரியே போட்டா நல்லது, மறுநாள் காலைனா சரி, மூணாவது நாள்னா பலன் குறைஞ்சுருக்கும். உலக சுகாதார நிறுவனம் 5 நாள் வரைக்கும் போடலாம்னு தான் சொல்லுது, ஆனா நாள் ஆக ஆக நம்பிக்கையும் குறையும், அந்த நிலைமைல காப்பர் டி தான் சரி. அளவு 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை ஒரே வேளை, 0.75ஆ ரெண்டு இருந்தா ரெண்டையும் சேர்த்தே போட்டுடலாம். சரியா போட்டாலும் நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு கர்ப்பம் ஆகத்தான் செய்யும்.

போட்ட 2 மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா இன்னொண்ணு போடணும். தலைவலி, மார்பு வலி, களைப்பு, இடையில லேசா ரத்தம் படுறது எல்லாம் ரெண்டு மூணு நாள்ல போய்டும். ரத்தம் பட்டுருச்சு, வேலை முடிஞ்சதுன்னு நினைக்கக்கூடாது, அது பீரியட்ஸ் இல்ல. அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரம் முன்னயோ பின்னயோ வரலாம், ஒரு வாரத்துக்கு மேல தள்ளிப்போனா யூரின் டெஸ்ட் கிட் வாங்கி பாக்கணும் (அந்த கிட் எல்லா மெடிக்கல்லயும் தாராளமா கிடைக்கும், அதுக்கு மட்டும் எந்தக் கலாச்சாரமும் குறுக்க வராது). அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையான வலி, மயக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரி, கரு குழாயில தங்கியிருக்கலாம், அது மாத்திரையால வர்றது இல்ல, ஆனா கவனிக்காம விடக்கூடாது. மாத்திரை போட்ட மறுநாளே மறுபடி பாதுகாப்பு இல்லாம இருந்தா பழைய மாத்திரை காப்பாத்தாது, முட்டை தள்ளிப்போயிருக்கே தவிர நிக்கல, அந்த மாசம் பூரா காண்டம் வேணும்.

இப்ப சொல்லப்போறத கவுண்டர்ல யாரும் கேக்க மாட்டாங்க, அதனால நீங்க சொல்லுங்க. டிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு, அதாவது ரிஃபாம்பிசின் இருக்கது, அப்புறம் வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடுறவங்களுக்கு, எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் எடுக்குறவங்களுக்கு இந்த மாத்திரையோட சக்தி பாதியில போய்டும், அந்த மருந்தை நிறுத்தி 4 வாரம் வரைக்கும் அதே கதை தான். நம்ம ஊர்ல டிபி மருந்து சாப்பிடுற சின்ன வயசுப் பொண்ணுங்க எத்தனை பேர், அவங்கள்ல யாருக்கு இதை சொல்லிருக்காங்க? அவங்களுக்கு காப்பர் டி தான் முதல் சாய்ஸ், அது முடியலன்னா பிரிட்டன் வழிகாட்டுதல்ல லெவோநார்ஜெஸ்ட்ரெல்ல டபுள் டோஸா குடுக்குறாங்க, டாக்டர்கிட்ட கேட்டு பண்ணுங்க. உடல் எடை 70 கிலோவுக்கு மேல இருந்தாலும் மாத்திரை வேலை செய்யிறது குறையலாம்னு அதே அறிவுரை சொல்றாங்க. பால் குடுக்குற அம்மாக்கள் தாராளமா போடலாம்.

"ரெண்டு தடவைக்கு மேல போட்டா குழந்தையே பிறக்காது", "கர்ப்பப்பை சுருங்கிடும்", இதை படிச்ச பொண்ணுங்களே என்கிட்ட கேட்டுருக்காங்க. அப்படி எதுவும் இல்ல, மாத்திரை சில நாள்ல உடம்ப விட்டு போய்டும், அடுத்த மாசமே கர்ப்பம் ஆகலாம். இத்தனை தடவை தான்னு மருத்துவ வரம்பும் கிடையாது. ஆனா மாசா மாசம் இதையே நம்புனா பீரியட்ஸ் கணக்கு குழம்பும், காசு போகும், ஒரு தடவை தோத்தும் போகும். அப்படி அடிக்கடி வேணும்னா ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை (முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு), மூணு மாசத்துக்கு ஒரு ஊசி அந்தரா, ரெண்டும் 2017லருந்து அரசுத் திட்டத்துல இலவசம், அதைப் போய் கேளுங்கன்னு சொல்லுங்க. தமிழ்நாட்டுல கருத்தடைன்னாலே ரெண்டு பிள்ளை பெத்துட்டு ஆபரேஷன் பண்றதுன்னு ஆகிப்போச்சு, தேசிய குடும்ப நல ஆய்வுலயே கல்யாணமான பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல அது தான். கல்யாணம் ஆகாதவங்களுக்கும், முதல் குழந்தைய தள்ளிப்போடணும்கிறவங்களுக்கும் என்ன இருக்குன்னு பேச யாரும் இல்ல, நடுவுல அந்த இடம் பூரா காலியா கிடக்கு.

மாத்திரை தோத்துட்டா என்னங்கிறதையும் மறைக்காம சொல்லுங்க. கருக்கலைப்பு இந்தியாவுல 1971லருந்து சட்டப்படி நடக்குது, 2021 திருத்தத்துக்கு அப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும், கருத்தடை தோத்துப்போச்சுங்கிற காரணம் இப்ப கல்யாணம் ஆகாதவங்களுக்கும் செல்லும், 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் கல்யாணம் ஆனவங்க ஆகாதவங்கன்னு பிரிச்சு பாக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. யாரோ குடுத்த கிட்ட ரூம்ல ஒளிஞ்சு போட்டு ரத்தப்போக்குல வந்து நிக்கிறதுக்கு இதை முன்னாடியே சொல்லிடுறது மேல்.

கட்டாயப்படுத்தப்பட்டு நடந்துருந்தா கதையே வேற. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும், அரசோ தனியாரோ, முதல் சிகிச்சைய இலவசமா உடனே குடுக்கணும்னு சட்டம், போலீஸ் எஃப்ஐஆர் எங்கன்னு கேட்டு நிக்க வைக்கக்கூடாது. அங்க அவசர கருத்தடையும் குடுப்பாங்க, எச்ஐவி தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், அதனால அந்தப் பொண்ண மெடிக்கல் ஷாப்புக்கு அனுப்பாதீங்க, நேரா ஜி.எச்சுக்கு கூட்டிட்டு போங்க, 181 மகளிர் உதவி எண்ணுக்கு கூப்பிடுங்க.

கூட்டம் போடுறத பத்தி. தயவுசெஞ்சு டாக்டர வச்சு ஸ்லைடு போட்டு கர்ப்பப்பை படத்த காட்டி முடிச்சுடாதீங்க, அதை பத்தாவது புத்தகத்துலயே பார்த்துட்டாங்க. அட்டைய கையில குடுங்க, மருந்து பேர், அளவு, எக்ஸ்பைரி எங்க போட்டுருக்குன்னு தொட்டு பாக்கட்டும். கடையில எப்படி கேக்குறதுன்னு சொல்லிப் பார்க்க வைங்க, "லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 ஒண்ணு குடுங்க"ன்னு பாராசிட்டமால் கேக்குற குரல்லயே கேட்டா பாதி பேர் எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க. கேள்விய பேர் போடாம சீட்டுல எழுதி டப்பாவுல போடச் சொல்லுங்க, கை தூக்கச் சொன்னா ஒருத்தியும் தூக்க மாட்டா. யாருக்கு தேவைப்பட்டுச்சுன்னு மட்டும் விசாரிக்காதீங்க, வார்டன் தான் கூட்டம் போடுறீங்கன்னா அந்தப் பயம் ஏற்கனவே இருக்கும்.

பக்கத்து மெடிக்கல் ஓனர்கிட்டயும் ஒரு தடவை நீங்களே போய் பேசுங்க. சண்டைக்கு போகாம, "அண்ணே இது கலைக்கிற மாத்திரை இல்ல, சீட்டு தேவையில்ல, மொத்த வியாபாரிகிட்ட ஆர்டர் போட்டா பில்லோட வரும், பில் இருந்தா இன்ஸ்பெக்டர் என்ன கேப்பாரு"ன்னு சொல்லுங்க. முடியாதுன்னா விட்டுருங்க, அடுத்த கடை. இலங்கையில போஸ்டினோர்ங்கிற பேர்ல இதே மருந்த யாழ்ப்பாணத்துல இருந்து கொழும்பு வரைக்கும் பார்மசில கேட்டு வாங்கிட்டு போறாங்க, அதுவும் கருக்கலைப்புக்கு தாயோட உயிர் காப்பாத்துறதுக்கு தவிர அனுமதியே இல்லாத நாடு அது. இங்கிலாந்துல 2025 அக்டோபர்லருந்து பார்மசிலயே இலவசம். நம்ம கடைக்காரர் உலகத்துல யாரும் பண்ணாதத பண்ணப் போறதில்ல.

ஹாஸ்டல் ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல நீங்களே வாங்கி வச்சு குடுக்கலாமான்னு நினைப்பீங்க, வேணாம், வார்டன்கிட்ட வந்து கேக்கணும்னா அவ வர மாட்டா, நாளைக்கு யார் வீட்டுலயாவது பிரச்சனைன்னா பழி உங்க மேல விழும். அவங்கவங்க வாங்கி வச்சுக்கட்டும். நீங்க ஒரு பேப்பர்ல 104 சுகாதார உதவி எண், 181, பக்கத்து ஜி.எச் குடும்ப நலப் பிரிவு ஓ.பி நேரம், காப்பர் டி 5 நாள்ங்கிற ஒரு வரி, இவ்வளவையும் எழுதி பாத்ரூம் கதவோட உள்பக்கம் ஒட்டுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டுனா நாலு பேர் பாக்குறாங்கன்னு யாரும் நின்னு படிக்க மாட்டாங்க.